லண்ட்பியிலிருந்து பெர்த் எவ்வளவு தூரம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: மினியாபொலிஸ் விமான நிலையத்துக்கும், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் இருக்கும் பெர்த் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வான்வழித் தூரம் பத்தாயிரத்து அறுநூறு மைல்.

இந்த மாபெரும் உண்மை அதுவரை கேட்பாரற்றுக் கிடந்தது. மினசோட்டா மாநிலத்தின் லண்ட்பி என்ற ஊரில், லவான் காப்பிக்கடையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆலங்கட்டி மழைக் காப்பீடு விற்கும் வெர்லின் ஸ்கோக்மோ எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அதை மனிதகுலத்துக்கு வெளியிட்டார். மனிதகுலத்தின் சார்பில் ஏழு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் நான்கு பேர் அன்றைய காப்பி யார் கணக்கில் என்று பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உட்காருப்பா வெர்லின், முட்டை ஆறுது," என்றார் கடைக்காரம்மா லவான்.

வெர்லின் உட்காரவில்லை. மூன்று வாரமாக வீட்டில் பூகோள உருண்டையையும் ஆர்டிஸின் தையல் நூலையும் வைத்துக்கொண்டு அளந்த அளவு அது. ஆர்டிஸ் அவருடைய மனைவி. அந்த மூன்று வாரமும் ஒரு பொத்தான்கூடத் தைக்க முடியாமல் இருந்தவர்.

"பூமியில நமக்கு நேர் எதிர்ப்பக்கம் எதுன்னு பார்த்தேன்," என்றார் வெர்லின். "அது நடுக்கடல். அங்கே ஏர்போர்ட் கிடையாது. அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற பெரிய ஊர் பெர்த். அடுத்த மாசம் நானும் ஆர்டிஸும் அங்கே போறோம். சும்மா சொல்லி வைக்கலாமேன்னு சொன்னேன். பெருசா ஒன்னும் இல்லை."

பெருசா ஒன்னும் இல்லை என்று அவர் சொன்னதும் பகடை நின்றது. லண்ட்பியில் பெருமை பேசுவது கொலைக்கு அடுத்தபடியான குற்றம். ஆகவே இங்கே ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பினால் அதை நன்றாகத் தட்டித் தட்டிச் சின்னதாக்கி, பிறகுதான் எடுத்து நீட்ட வேண்டும். எவ்வளவுக்கு எவ்வளவு சின்னதாக்குகிறாரோ அவ்வளவுக்கு அவ்வளவு உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். "பெருசா ஒன்னும் இல்லை" என்பது போர் முரசு.

எல்லோரும் டுவெய்ன் ட்வீட் என்ற மனிதரைப் பார்த்தார்கள்.

காரணம் சுவரில் இருந்தது. லவான் கடைச் சுவரில் ஓர் உலகப்படம். அதற்குக் கீழே வரிசையாகக் கொக்கிகள். தினசரி வாடிக்கையாளர்களின் குவளைகள் அவற்றில் தொங்கும். முதல் கொக்கி மட்டும், ஊரிலேயே அதிக தூரம் போய் வந்தவருக்கு. மூன்று வருடமாக அதில் தொங்குவது விதைச்சோள வியாபாரி டுவெய்னின் குவளை. அதிக மூட்டை விற்றதற்காக விதைக் கம்பெனிக்காரர்கள் அவரைத் தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனுக்கு அனுப்பி வைத்தார்கள். அன்றிலிருந்து வெர்லினின் குவளை இரண்டாவது கொக்கியில். அவர் நார்வே வரை போனவர். ஆனால் ஊரே நார்வேயிலிருந்து வந்தவர்களின் வம்சம்; லண்ட்பியில் நார்வே போகாதவர்கள் நாய்கள் மட்டும்தான்.

டுவெய்ன் நிதானமாகக் கேரமல் ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

"நல்லது வெர்லின். போய்ட்டு வா. எத்தனை மணி நேரம் ஆகும்?"

"முப்பது மணி நேரம். மாறி ஏறுற இடமெல்லாம் சேர்த்து."

"ஓ. முப்பதா." டுவெய்ன் தடவுவதை நிறுத்தவில்லை. "கேப்டவுன் எனக்கு நாப்பத்தொன்னு ஆச்சு. புயல்ல ஒரு ராத்திரி மாட்டிக்கிட்டோம்ல. ஆனா அதெல்லாம் ஒரு தூரமாப்பா. சும்மா உட்கார்ந்திருந்தா தானா வந்துடும்."

இதைவிடக் கொடூரமான பேச்சு அந்தக் கடையில் அதற்கு முன் பேசப்பட்டதில்லை.

சிக்கல் என்னவென்றால், டுவெய்ன் சொன்னதில் ஊர் வழக்கம் இருந்தது. லண்ட்பியில் யாரும் தூரத்தை மைலில் சொல்வதில்லை. ஃபார்கோ எவ்வளவு தூரம் என்றால் ஒன்றரை மணி நேரம். மினியாபொலிஸ் மூன்றரை. மாதா கோயில் நான்கு நிமிடம். பனி கொட்டினால் ஃபார்கோ ஆறு மணி நேரத்துக்குத் தள்ளிப் போய்விடும்; வெயில் வந்ததும் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் கிடையாது.

"மணி நேரம்ங்கிறது அளவே இல்லை, டுவெய்ன்," என்றார் வெர்லின். "மணி நேரம் மாறும். மைல் மாறாது. மைல் விஞ்ஞானம்."

"இருக்கலாம்ப்பா. நான் படிச்சவன் இல்லை," என்றார் டுவெய்ன், விவசாயக் கல்லூரிப் பட்டதாரி.

லவான் காப்பிக் கெண்டியோடு நடுவில் வந்து நின்றார். "மைலோ மணியோ, முதல்ல போய்ட்டு வா. அப்புறம் கொக்கியைப் பத்திப் பேசிக்கலாம்."

அன்று வீட்டில் ஆர்டிஸ் கேட்டார்:

"பெர்த்துல என்ன இருக்கு, வெர்லின்?"

"பத்தாயிரத்து அறுநூறு மைல் இருக்கு."

"அது வழியில இருக்கு. ஊர்ல என்ன இருக்கு?"

வெர்லின் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. "ஹோட்டல் இருக்கு. ரெண்டு ராத்திரி தங்குறோம். அப்புறம் திரும்பிடறோம்."

"எங்க அக்கா டுலூத்ல இருக்கா. போய் ரெண்டு வருஷமாச்சு."

"டுலூத் நாலு மணி நேரம்தான், ஆர்டிஸ்."

"அதனாலதான் அங்கே போகலாம்ங்கறேன்."

வெர்லின் பெருமூச்சு விட்டார். கடல்களைக் கடந்த எல்லா மாவீரர்களுக்கும் வீட்டில் இப்படி ஒரு டுலூத் இருந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பயணம் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அங்கே சிட்னி விமானத்தில் மாறி ஏற வேண்டும், சிட்னியிலிருந்து பெர்த். வெர்லின் சட்டைப் பையில் நூலின் சிறு துண்டு ஒன்று இருந்தது. சுவர்ப்பட அளவில் அல்ல, சரியான பூகோள உருண்டை அளவில் வெட்டியது. அவ்வப்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்போது விமான வாசலில் நின்ற பெண் ஒலிபெருக்கியை எடுத்தார். டெனிஸ் என்று சட்டையில் எழுதியிருந்தது. நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்தவர் என்பது பேசும் வேகத்திலேயே தெரிந்தது.

"கவனிங்க, ஒரு சீட்டு அதிகமா வித்துட்டோம். யாராவது ஒருத்தர் நாளைக்குப் போறீங்களா? ஹோட்டல், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு. யாராவது?"

முந்நூறு பேர் தரையைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் லண்ட்பிக்காரர்களின் உடற்கூறு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவர் உதவி கேட்டு, யாரும் அசையாமல் இருந்தால், லண்ட்பிக்காரருக்கு முதலில் காது சூடாகும், பிறகு முழங்கால் தானாக நிமிரும். எழுந்து போய் "நான் வேணும்னா" என்று சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதில் ஆபத்து ஒன்றும் கிடையாது. ஏனென்றால் எதிரில் இருப்பவரும் லண்ட்பிக்காரர். அவர் "ஐயோ, உனக்கு எதுக்கு சிரமம்" என்பார். இவர் இரண்டாம் முறை சொல்வார். அவர் இரண்டாம் முறை மறுப்பார். மூன்றாம் முறை சொன்னால்தான் அது பேச்சு; முதல் இரண்டும் வெறும் சத்தம். இந்தக் கணக்கை நம்பி லண்ட்பியில் மனிதர்கள் தங்கள் டிராக்டரை, படகை, ஒரு முறை கல்லறை நிலத்தையே கூட முதல் சுற்றில் தாராளமாக நீட்டியிருக்கிறார்கள். எதையும் இழந்ததில்லை.

வெர்லினின் முழங்கால் நிமிர்ந்தது.

"இல்லை... வேற யாருமே இல்லைன்னா... நான் வேணும்னா..." என்றார் டெனிஸிடம். "ஆனா உங்களுக்குச் சிரமம்னா வேண்டாம்."

"சிரமமே இல்லை சார்! தங்கமான மனுஷன் சார் நீங்க!"

டெனிஸ் அவர் கையிலிருந்த சீட்டை வாங்கிக் கிழித்து, இன்னொன்றை அச்சடித்து, சாப்பாட்டுக் கூப்பனோடு அவர் கையில் திணித்து, "அடுத்தவங்க!" என்றார். மொத்தமும் ஒரு தும்மலுக்கு ஆகும் நேரம்.

வெர்லின் அங்கேயே நின்றார். இரண்டாம் சுற்றுக்காகக் காத்திருந்தார். இரண்டாம் சுற்று வரவில்லை.

"என்ன வெர்லின் பண்ணின?" என்று ஓடி வந்தார் ஆர்டிஸ்.

"நான் ஒன்னும் பண்ணலை. சும்மா சொன்னேன்."

"போய் முடியாதுன்னு சொல்லு."

"இப்ப எப்படிச் சொல்றது? அவ எவ்வளவு சந்தோஷமா இருக்கா பாரு."

ஆர்டிஸ் பார்த்தார். டெனிஸ் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது ஆர்டிஸுக்கும் புரிந்தது. அவரும் அதே ஊரில் பிறந்தவர்தான்.

"சரி, நானும் நாளைக்கே வரேன்."

"வேண்டாம் வேண்டாம். உன் சீட்டையும் எடுத்துக்கிட்டு இன்னொருத்தருக்குக் குடுத்துட்டா, நம்ம பெட்டி மட்டும் தனியா ஆஸ்திரேலியா போகும். நீ முன்னாடி போ. நான் நாளைக்குப் பின்னாடியே வந்துடறேன்."

"அங்கே போய் நான் என்ன பண்றது?"

"ஒன்னும் பண்ண வேண்டாம். போய் அங்கே இரு."

ஆர்டிஸ் போனார்.

மறுநாள் வெர்லின் முன்னெச்சரிக்கையாகக் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டார். கேட்டால்தானே முழங்கால் நிமிரும்? ஆனால் விமான நிலையம் கட்டியவர்கள் கழிவறையிலும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். டெனிஸின் குரல் கூரையிலிருந்து விழுந்தது: "யாராவது ஒருத்தர்? யாருமே இல்லையா?" அந்த "யாருமே இல்லையா" வெர்லினின் காதைச் சுட்டது. கை கழுவிவிட்டு வெளியே வந்தார்.

இந்த முறை அவர் கணக்கை விளக்கிப் பார்த்தார்.

"அம்மா, எங்க ஊர்ல ஒரு வழக்கம். நான் சொல்வேன், நீங்க வேண்டாம்னு சொல்லணும். அப்புறம் மறுபடியும் நான்..."

"சார், நான் வேண்டாம்னு சொன்னா இங்கே யாரும் மறுபடி சொல்ல மாட்டாங்க," என்றார் டெனிஸ், சீட்டை வாங்கிக் கிழித்தபடி. "நீங்க எந்த ஊரு சார்?"

"லண்ட்பி. மினசோட்டா."

"உங்க ஊர்ல எப்படி எதுவும் நடக்குது?"

"மெதுவா," என்றார் வெர்லின்.

மூன்றாம் நாள் ஒரு புதுமணத் தம்பதி. ஒருவருக்குத்தான் இடம் இருந்தது; பெண் அழுதாள். அன்று டெனிஸ் ஒலிபெருக்கியைத் தொடக்கூட இல்லை. திரும்பி வெர்லினைப் பார்த்தார், அவ்வளவுதான். நான்காம் நாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே கூப்பன் வந்து சேர்ந்தது. பயணிகள் சிலர் அவரை விமான நிலைய ஊழியர் என்று நினைத்து, பெட்டி எங்கே வரும் என்று கேட்டார்கள். அவரும் சொன்னார். சரியாகவே சொன்னார்.

ஐந்தாம் நாள் டெனிஸ் கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். "சார்! இன்னைக்குப் பாதி விமானம் காலி! ஜன்னலோரமே தரேன், வாங்க!"

வெர்லின் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்குத்தான் என் மனைவி திரும்பி வர்றா."

டெனிஸ் ஆட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினார். பிறகு மெதுவாக, "நீங்க நிஜமாவே போகணும்னு நினைச்சீங்களா சார்?" என்று கேட்டார்.

"கொஞ்சம்," என்றார் வெர்லின். பத்தாயிரத்து அறுநூறு மைல் ஆசையை அதைவிடச் சின்னதாக அவரால் தட்ட முடியவில்லை.

சிறிது நேரத்தில் வருகை வாசலிலிருந்து ஆர்டிஸ் வந்தார். மூக்கு மட்டும் வெயிலில் சிவந்திருந்தது.

"நீ இங்கேயேதான் இருந்தியா?" என்றார் கணவரைப் பார்த்து.

"நான் போகவே இல்லை."

"தெரியும். அங்கே வந்து சேரலையேன்னு பார்த்தேன். வர்றப்பவே சொல்லிக்கிட்டேன், யாராவது எதையாவது கேட்டிருப்பாங்கன்னு."

பெர்த்தில் காற்று அடித்ததாம். மீன் வறுவல் நன்றாக இருந்ததாம். ஹோட்டல் பெண் நல்ல பெண்ணாம். வெர்லின் தலையாட்டினார், காதில் விழவில்லை. மனக்கண்ணில் முதல் கொக்கி தெரிந்தது. அதில் டுவெய்னின் குவளை தெரிந்தது. அந்தக் குவளையில் சோளக்கதிர் ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும் படம் தெரிந்தது.

இருவரும் மினியாபொலிஸ் விமானத்தில் ஏறினார்கள். மேற்கே கிளம்பும்போது வெர்லின் மைல் கட்சிக்காரராகத்தான் இருந்தார். நெப்ராஸ்காவுக்கு மேலே எங்கோ, தட்டில் வைத்த கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, ஓர் ஒளி அடித்தது. வீட்டை விட்டுக் கிளம்பி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று விரல் விட்டு எண்ணினார். விரல்கள் போதவில்லை. ஆர்டிஸின் விரல்களையும் கடன் வாங்கினார்.

மறுநாள் காலை லவான் கடை நிரம்பி வழிந்தது. பதினோரு பேர். ஆர்டிஸும் வந்து ஜன்னலோர மேசையில் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்தார். காப்பி முடிந்ததும் வெர்லின் அவரை டுலூத் பேருந்தில் ஏற்றிவிடுவதாக ஒப்பந்தம்.

"எப்படி இருந்தது பயணம்?" என்றார் டுவெய்ன்.

"பரவாயில்லை," என்றார் வெர்லின். "பெருசா ஒன்னும் இல்லை. நூத்தி இருபது மணி நேரம்."

பகடை ஒன்று தரையில் விழுந்து உருண்டு போனது. யாரும் எடுக்கவில்லை.

"நூத்தி இருபதா?" என்றார் டுவெய்ன். "பெர்த்துக்கா?"

"லாஸ் ஏஞ்சலஸுக்கு."

"அது ஆயிரத்து ஐந்நூறு மைல்தானேப்பா!"

"மைலா?" வெர்லின் கடையைச் சுற்றிப் பார்த்தார், யாராவது வெளியூர்க்காரர் உள்ளே வந்துவிட்டாரா என்பதுபோல. "நம்ம ஊர்ல எப்பப்பா மைல் பேச ஆரம்பிச்சோம்? ஃபார்கோ எத்தனை மைல் டுவெய்ன்? சொல்லு பார்ப்போம்."

டுவெய்னுக்குத் தெரியவில்லை.

"ஒன்றரை மணி நேரம்னு தெரியும்ல? நம்ம அப்பாக்கள் காலத்துலேர்ந்து அப்படித்தானே சொல்றோம்? உனக்கு நாப்பத்தொன்னு. எனக்கு நூத்தி இருபது. நான் கணக்குல புலி இல்லை, டுவெய்ன், ஆனா..."

டுவெய்ன் எழுந்தார். மூன்று வருட ஆட்சி சரிவதைக் கண்ட மன்னனின் முகம். "ஒரு நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது தூரமா? அப்படின்னா போன குளிர்காலம் எங்க மாமா ஆஸ்பத்திரியில மூணு மாசம் இருந்தார். அவர் நிலாவுக்கா போய்ட்டு வந்தார்? மணி நேரம் மாறும்ப்பா! மைல் மாறாது! மைல்தான் விஞ்ஞானம்!"

"இருக்கலாம். நான் படிச்சவன் இல்லை," என்றார் வெர்லின்.

சண்டை முட்டை ஆறும்வரை நடந்தது. பிறகு இரண்டாம் முட்டையும் ஆறியது. டுவெய்ன் தன் வண்டிக்கு ஓடிப்போய்ப் பேரனின் பூகோள உருண்டையை எடுத்து வந்தார். ஆக, அதை வண்டியிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். லவானிடம் நூல் கேட்டார். கேப்டவுனுக்கு நூலைப் பிடித்து, "எட்டாயிரத்து எண்ணூறு!" என்று கத்தினார். "எட்டாயிரத்து எண்ணூறு மைல்! பறந்தேன்! இந்த உடம்பு பறந்தது!" லண்ட்பியின் வரலாற்றில் ஒருவர் தன்னைப் பற்றி உரக்க, தட்டிச் சின்னதாக்காமல் சொன்னது அதுவே முதல் முறை. சிலர் கூச்சத்தில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

லவான் கெண்டியை மேசையில் வைத்தார்.

"சரி. மைல்தான்னு டுவெய்னே சொல்லிட்டான். போன மாசம் வெர்லினும் அதையேதான் சொன்னான். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் அதுதான்."

"ஆமா!" என்றார் டுவெய்ன்.

"இரு லவான், நான் அதை வாபஸ்..." என்றார் வெர்லின்.

"அப்ப பத்தாயிரத்து அறுநூறு மைல் போய்ட்டு வந்தது யாரு?"

கடை முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியது. ஆர்டிஸ் ஏழெழுத்துச் சொல் ஒன்றுக்காகப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

லவான் முதல் கொக்கியிலிருந்து டுவெய்னின் குவளையைக் கழற்றி, துடைத்து, அவர் முன்னால் வைத்தார். டுவெய்ன் தடுக்கவில்லை. ஆர்டிஸுக்கு அந்தக் கடையில் குவளையே கிடையாது. லவான் ஒரு புதுக் குவளையை எடுத்து அந்தக் கொக்கியில் மாட்டினார்.

"எனக்கு எதுக்கு லவான்? வேண்டாம்," என்றார் ஆர்டிஸ்.

"எடுத்துக்கோ."

"ஐயோ வேண்டாம்."

"எடுத்துக்கோன்னா."

"சரி."

இருவரும் லண்ட்பிக்காரர்கள். வேலை ஒழுங்காக முடிந்தது.

பிறகு எல்லோரும் நாற்காலிகளை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார்கள். டுவெய்ன்கூட இழுத்தார். முன்வரிசையில் வெர்லின். மூன்று வாரம் நூலால் அளந்தவர். வழியெல்லாம் மனைவியிடம் கேட்கத் தோன்றாத கேள்வி இப்போதுதான் அவருக்குத் தோன்றியது. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆர்டிஸ்," என்றார், கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாக. "பூமியோட அந்தப் பக்கம் வரைக்கும்... அவ்வளவு தூரம் பறக்கிறது... எப்படி இருக்கு?"

ஆர்டிஸ் பென்சிலைக் கீழே வைத்து, நேர்மையாகவே யோசித்தார்.

"தெரியாது," என்றார். "தூங்கிட்டேன்."